கொழும்புக் கட்டடங்களுக்கு ஒளித்தட்டு: முகம் பார்ப்பதிலிருந்து ஒயரிங் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைத்தளத்தில் எல்லோரும் ‘லைட் ஷெல்ஃப்’ என்று கூப்பிடும் கிடைத்தட்டைத்தான் இங்கே ஒளித்தட்டு என்கிறேன். நிற்கிற ஆளின் கண்மட்டத்துக்கு மேலே, யன்னலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கொஞ்சம் வெளியேயும் கொஞ்சம் உள்ளேயும் நீட்டி நிற்கும். அதன் முதுகில் விழும் வெயில் சீலிங்குக்குப் போய், அங்கிருந்து அறைக்குள் இறங்கும். தட்டுக்குக் கீழே உள்ள கண்ணாடி வெளியே பார்ப்பதற்கு. மேலே உள்ளது வெளிச்சத்துக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் அடியிலேயே சறுக்குவது ஒரு நினைப்பால். தட்டு வைத்தால் அறைக்குள் வெளிச்சம் கூடும் என்று நம்புகிறார்கள். கூடாது. மொத்தக் கணக்கில் தட்டு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னவே செய்யும். அது செய்வது பங்கீடு. யன்னலோரம் மேசை போட்டிருப்பவரின் கண்ணைக் கூசவைக்கும் வெயிலை எடுத்துப் பின்வரிசைக்குக் கொஞ்சம் அனுப்புகிறது.

கொழும்பில் எந்தக் கந்தோருக்குள் மத்தியானம் போனாலும் ஒரே காட்சிதான். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே திரை முழுக்க இழுத்து மூடியிருக்கும், எல்லா விளக்கும் எரியும். திரையை மூடியவர் யன்னலோரத்தில் இருப்பவர். அவருக்குக் கண் கூசாவிட்டால் திரை திறந்திருக்கும். திரை திறந்திருந்தால் விளக்கை அணைக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு படியையும் ‘இதற்குப் பிறகு அவர் திரையை மூடுவாரா?’ என்ற கேள்வியோடு படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டடத்தின் தரைப்படத்தோடு குறுக்குவெட்டுப் படமும் வேண்டும். பலர் தரைப்படத்தை மட்டும் கொண்டு வருகிறார்கள். ஒளித்தட்டின் முழுக் கதையும் குறுக்குவெட்டில்தான் இருக்கிறது: சீலிங் எத்தனை உயரம், பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது, யன்னலின் அடியும் முடியும் எங்கே. படம் இல்லாவிட்டால் நாடா பிடித்து அளந்து கீறிக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை.

அடுத்தது ஒரு லக்ஸ் மீட்டர், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் கருவி. கைப்பேசிச் செயலிகள் ஒரே இடத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கைப்பேசியைச் சற்றுச் சரித்தாலே அளவு மாறிவிடும்.

விளக்கு ஒயரிங் படமும் இப்போதே வேண்டும். ஏன் என்பது 9ஆம் படியில் தெரியும்.

தட்டு வெளியே நீட்டப் போகிறதென்றால், அந்த நீட்சி கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டுமா, பக்கத்து வளவுக்குள் போகுமா என்பதை வரைஞரிடமும் மாநகர சபையிலும் முதலே கேட்டுவிடுங்கள். கொழும்பின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் 60 செ.மீ. என்பது சின்ன விசயமில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளுக்குள் வராத தட்டைப் பிறகு வெட்டி இறக்குவது, பொருத்துவதைவிடச் செலவு.

2. எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது?

இந்தப் படியில் பிழைத்தால் மிச்சம் எல்லாம் வீண். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சிக்கு வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஐந்து மாதம் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. மற்ற ஏழு மாதம் தெற்கிலிருந்து.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்து வடிவமைப்பவர்கள் விழும் குழி இதுதான். அந்தப் புத்தகங்கள் 40, 50 பாகையில் உள்ள நகரங்களுக்கு எழுதியவை. ‘தெற்கு யன்னலுக்குத் தட்டு வை, வடக்கு யன்னலுக்கு வெயிலே வராது, சும்மா விடு’ என்று சொல்லும். இங்கே ஜூன் மாதம் வடக்கு யன்னலோரம் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும் வெயில் வருமா வராதா என்று. கொழும்பில் வடக்கு, தெற்கு இரண்டு முகத்துக்கும் தட்டு பொருந்தும். அளவுதான் வேறு.

கிழக்கு, மேற்கு முகங்களுக்குப் பொருந்தாது. காலையிலும் பின்னேரத்திலும் சூரியன் தாழ்ந்து, நேரே முகத்துக்கு வரும். கிடைத்தட்டுக்கு அடியால் நுழைந்து மேசைக்கு வந்துவிடும். அந்தச் சுவர்களுக்கு நிலைக்குத்தான தகடுகள், மரம், வெளித்தட்டி போன்றவைதான் மருந்து. கடல் தெரிகிறது என்பதற்காக மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, பிறகு ‘ஒரு தட்டு வைத்துத் திருத்தலாமா’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: முடியாது, திரைக்குக் காசு ஒதுக்குங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இதில் ஒரு வசதி உண்டு. காலி வீதி கரையோரமாக ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் கிழக்கு மேற்காக, சற்றே சரிந்து ஓடுகின்றன. ஆகவே காலி வீதிக் கடைகளின் முகப்பு கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகள், ரியூஷன் நிலையங்கள், சிறிய கந்தோர்களின் முகப்பு வடக்கையோ தெற்கையோ பார்க்கும். தட்டுக்கு ஏற்றவை இவை. ஒரு நிபந்தனை: எதிரே ஒழுங்கைக்கு மறுபக்கம் ஐந்து மாடி நின்றால் கீழ்த்தளத்துக்கு வெயிலே வராது. வெயில் விழாத இடத்தில் தட்டு வெறும் தட்டுத்தான்.

திசையைப் பார்க்கக் கைப்பேசித் திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். சுவருக்குள் இருக்கும் கம்பி அதைக் குழப்பும். வரைபடச் செயலியில் மேலிருந்து பார்த்துக் கட்டடத்தின் சாய்வை எடுங்கள். அல்லது வெளியே ஒரு தூக்குநூலைக் கட்டி, சூரிய நண்பகலில், அதாவது சூரியன் அன்றைய உச்ச உயரத்துக்கு வரும் நேரத்தில், அதன் நிழலைப் பாருங்கள். அது விழும் கோடுதான் வடக்குத் தெற்கு. கொழும்பில் சூரிய நண்பகல் சராசரியாக 12.10 அளவில் வரும். மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம் முன்பின்னாகும். ஏப்ரல் தொடக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யப் போகாதீர்கள். நிழல் நூலுக்கு அடியிலேயே கிடக்கும்.

3. லிண்டலும் சீலிங்கும் இடம் கொடுக்குமா?

நம் நாட்டு மேசன்மார் கைப்பழக்கத்தில் லிண்டலை, அதாவது கதவு யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிரீட் கட்டையை, 7 அடியில் ஓட்டுவார்கள், கதவுக்கும் யன்னலுக்கும் ஒரே மட்டம். 7 அடி என்றால் 2.1 மீற்றர். ஒளித்தட்டு இருக்க வேண்டிய உயரமும் அதே 2.1 மீற்றர்தான். தட்டை அங்கே வைத்தால் அதற்கு மேலே கண்ணாடி இல்லை, சுவர்தான் இருக்கிறது.

ஏன் இன்னும் கீழே இறக்கக் கூடாது? தட்டின் முதுகு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். நிற்பவரின் கண் அதைவிட உயரத்துக்குப் போனால் அந்த வெள்ளை நேரே கண்ணில் அடிக்கும். கூச்சத்தை நீக்க வந்த சாமானே கூச்சம் கொடுக்கும், திரை மூடப்படும்.

ஆகவே புதிய கட்டடமென்றால் படம் கீறும் நேரத்திலேயே யன்னலின் முடியைச் சீலிங்குக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தட்டுக்கு மேலே 45 செ.மீ.யாவது கண்ணாடி வேண்டும், 60 இருந்தால் நல்லது. 2.7 மீற்றர் சீலிங்கில் 2.1இல் தட்டு வைத்தால் மேலே 60 கிடைக்கும், பீம் குறுக்கே இறங்காவிட்டால். பீம் இறங்கும் இடத்தில் என்ஜினியரோடு பேசி அதை உள்ளே தள்ளவோ மேலே திருப்பவோ வழியுண்டா என்று கேளுங்கள். கொங்கிரீட் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

பழைய கொழும்பு வீடுகளில் யன்னலுக்கு மேலே தனியாக ஒரு கண்ணாடிப் பட்டையோ காற்றுப் பலகையோ இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். சுவரை உடைக்காமலே தட்டு வைக்கலாம்.

ஃபோல்ஸ் சீலிங் 2.4 மீற்றருக்கு இறக்கிய அறையென்றால் விட்டுவிடுங்கள். அல்லது யன்னலோரத்து முதல் இரண்டு மீற்றருக்கு மட்டும் சீலிங்கை மேல்நோக்கிச் சரித்துக் கட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஏசி குழாய் அங்கே ஓடாவிட்டால் முடியும்.

எவ்வளவு ஆழத்துக்கு எதிர்பார்க்கலாம்? பக்க யன்னலால் வரும் பகல் வெளிச்சம், யன்னல் முடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குப் பயன்படும் என்பது பழைய கைக்கணக்கு. முடி 2.7 மீற்றரில் இருந்தால் சுமார் 4 மீற்றர். வெயில் விழும் தட்டோடு இரண்டு மடங்கு, அதாவது 5.4 மீற்றர் வரை நம்பலாம். இரண்டரை மடங்கு என்றும் எழுதுகிறார்கள். நான் வாக்குக் கொடுக்கும்போது இரண்டுக்கு மேலே போவதில்லை. 12 மீற்றர் ஆழமான ஒடுங்கிய கட்டடத்தின் நடுப்பகுதிக்குத் தட்டு ஒன்றும் செய்யாது. அங்கே கூரையிலிருந்து வெளிச்சம் இறக்க வேண்டும், அது வேறு வேலை.

4. இருக்கிற வெளிச்சத்தை அளந்து எழுதுங்கள்

எல்லா விளக்கையும் அணைத்துத் திரையைத் திறந்துவிடுங்கள். யன்னலிலிருந்து உள்ளே போகும் நேர்கோட்டில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு அளவு, மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து 75 செ.மீ.யில் எடுங்கள். வெயில் நாள் ஒன்று, முகில் மூடிய நாள் ஒன்று. காலை 9, நண்பகல், பின்னேரம் 3.

முகில் நாளை ஏன் வற்புறுத்துகிறேன்? தட்டு உண்மையில் வேலை செய்வது வெயில் விழும்போதுதான். வானம் முழுக்க மூடியிருந்தால் தட்டு வானத்தின் ஒரு பங்கை மறைக்கிறது, பதிலுக்கு அவ்வளவு கொடுப்பதில்லை. தென்மேல் பருவத்து நாட்களில் பின்வரிசை அளவு தட்டு வைத்த பிறகு சற்றுக் குறைந்தும் இருக்கலாம். முதலே அளந்து வைக்காவிட்டால், ‘நீ வைத்த தட்டால் இருட்டாகிவிட்டது’ என்று சொல்பவருக்குக் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கந்தோர் மேசைக்கு 500 லக்ஸ் என்பது வழக்கமான வடிவமைப்பு அளவு. பகல் வெளிச்சம் 300 தந்தாலே பலர் விளக்குப் போடாமல் வேலை செய்வார்கள். நடைபாதைக்கு 100 போதும். அளவுகளை எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் மீற்றருக்கும் ஐந்தாம் மீற்றருக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்? யன்னலோரம் 4000, பின்னால் 150 என்றால், 150ஐக் கண் இருட்டாகவே பார்க்கும். அந்த மடங்கைக் குறைப்பதுதான் உங்கள் வேலை.

5. நீட்சிக் கணக்கு

கட்டடத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் வெயில் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய எண். இதை நிழல் கோணம் என்போம். சூரியனின் உயரக் கோணமும் இதுவும் ஒன்றல்ல. நண்பகலில் மட்டும் இரண்டும் சமம்.

கொழும்புக்கு, நேரே தெற்கு பார்க்கும் சுவருக்கு, டிசெம்பர் 21 அன்று நிழல் கோணம் சூரிய நேரம் (சூரிய நண்பகலை 12 என்று எண்ணும் நேரம்) காலை 9 மணிக்கு 51.5 பாகை, நண்பகலில் 59.6. நேரே வடக்கு பார்க்கும் சுவருக்கு ஜூன் 21 அன்று 9 மணிக்கு 65.4, நண்பகலில் 73.5. பின்னேரம் 3 மணிக்கு 9 மணியின் அதே எண்கள். இவை அந்தந்த முகத்தின் மோசமான நாட்கள். மற்ற நாட்களில் வெயில் இன்னும் செங்குத்தாக இறங்கும்.

வெளிநீட்சி = தட்டுக்குக் கீழே உள்ள கண்ணாடியின் உயரம் ÷ நிழல் கோணத்தின் டான் (கணிப்பானில் tan).

யன்னலடி 0.9 மீற்றர், தட்டு 2.1 மீற்றர் என்றால் கீழ்க்கண்ணாடி 1.2 மீற்றர். தெற்கில் 9 மணி வெயிலை முழுக்க மறைக்க 1.2 ÷ 1.257 (51.5 பாகையின் டான்) = 0.95 மீற்றர் வேண்டும். நண்பகலை மட்டும் மறைக்க 0.70 போதும். வடக்கில் 9 மணிக்கும் 0.55 போதும். ஒரே கட்டடத்தின் இரண்டு முகத்துக்கும் ஒரே அளவுத் தட்டை ஓடர் கொடுப்பது காசை வீணாக்குவது என்பது இதிலிருந்து தெரியும்.

தெற்கில் 95 செ.மீ. நீட்ட இடம் கிடைப்பது அரிது. 60 வைத்தால் என்ன நடக்கும்? 9 மணிக்குக் கண்ணாடியின் மேல் 75 செ.மீ. நிழலில் இருக்கும், கீழ் 45 செ.மீ.யால் வெயில் நுழையும். அந்த வெயில் மேசை உயரத்தை அடையும்போது கண்ணாடியிலிருந்து 48 செ.மீ. தூரத்துக்குள் விழுந்து முடியும். ஆகவே யன்னல் சுவரோடு 50 செ.மீ. அகலத்தில் ஒரு பதிந்த அலுமாரி போட்டு, மேசைகளை அதற்கு இப்பால் நகர்த்திவிட்டால் 60 செ.மீ. தட்டே போதும். தட்டைப் பெரிதாக்குவதைவிடத் தளபாடத்தை நகர்த்துவது மலிவு. இந்த வழியை யோசிக்காமலே பலர் வெளியே ஒரு மீற்றர் நீட்டுகிறார்கள்.

உள்நீட்சிக்கு மேல்கண்ணாடியின் உயரத்தை எடுங்கள். 60 செ.மீ. உயரமென்றால் 60 ÷ 1.257, ஏறத்தாழ 48. ஆக உள்ளே 50 செ.மீ. தட்டு இருந்தால் 9 முதல் 3 வரை மேல்கண்ணாடியால் வரும் எந்த நேர் வெயிலும் ஆள் தலையில் விழாது. உள்தட்டே இல்லாமல் வெளித்தட்டு மட்டும் வைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மேல்கண்ணாடிக்கும் பிறகு ஒரு திரை போடுவார்கள், கதை முடிந்தது.

மறுபக்கம், வெளித்தட்டு இல்லாமல் உள்தட்டு மட்டும் வைப்பது பிளாட் வீடுகளில் நடக்கும், வெளிச்சுவரைத் தொட அனுமதி இராது. வெளிச்சம் பங்கிடப்படும், ஆனால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஏசி பில்லில் மாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

பக்கவாட்டு நீளமும் கணக்கில் வர வேண்டும். காலையில் வெயில் சாய்வாக வரும். டிசெம்பர் 9 மணிக்கு 60 செ.மீ. நீண்ட தட்டின் நிழல் பக்கவாட்டில் 80 செ.மீ. நகர்ந்துவிடும். யன்னல் அகலத்துக்கே வெட்டிய தட்டு அந்த நேரத்தில் பாதி யன்னலைத்தான் மறைக்கும். யன்னலுக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக வைக்காமல் சுவர் நீளத்துக்கு ஒரே பட்டையாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஓரத்தில் ஒரு நிலைத்தகடு.

6. மேலே சன்ஷேட் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்

இது என் சொந்தப் பிழை. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், வடக்கு பார்த்த இரண்டாம் மாடியில் ஒரு சிறிய கந்தோருக்குத் தட்டு வைத்தேன். கணக்கெல்லாம் சரி. இரண்டு கிழமைக்குப் பிறகு உரிமையாளர் ஐயா தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, நல்ல தட்டொண்டு செய்து தந்திருக்கிறீர். நாலு பூச்சட்டி வைச்சிருக்கிறன், வந்து பாரும்.”

“ஐயா, அது பூச்சட்டிக்கில்லை, வெயில் விழுறதுக்கு.”

“வெயில் எங்கை தம்பி விழுது?”

போய்ப் பார்த்தேன். விழவில்லை. யன்னலுக்கு மேலே 60 செ.மீ. கொங்கிரீட் சன்ஷேட் முன்பே இருந்தது. நான் குறுக்குவெட்டுப் படத்தில் அதைக் கீறவே இல்லை. தட்டுக்கு 60 செ.மீ. மேலே, அதே 60 செ.மீ. நீட்சியில் சன்ஷேட் இருந்தால், ஜூன் நண்பகலில் வெயில் தட்டின் வெளியோரத்தில் 18 செ.மீ. அகலத்துக்குத்தான் விழும். பூச்சட்டிகள் அந்த 18 செ.மீ.யில்தான் வரிசையாக இருந்தன. ஐயாவுக்கு வெயில் எங்கே விழுகிறது என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே சன்ஷேட்டா, தட்டா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சன்ஷேட்டை வெட்ட முடியாவிட்டால் தட்டு வேண்டாம். சன்ஷேட்டின் அடிப்பக்கத்துக்கும் யன்னல் கட்டைக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் அதுவே கொஞ்சம் உதவும். பூச்சட்டி விசயத்துக்கு: தட்டையான எதையும் மனுசர் ராக்கையாகத்தான் பார்ப்பார்கள். உள்தட்டில் ஃபைல் கட்டு, வெளித்தட்டில் சட்டி, பண்டிகை வந்தால் விளக்கு. உள்தட்டின் உள்ளோரத்தைச் சற்று உயர்த்திச் சரிவாகக் கட்டினால் எதுவும் நிற்காது.

7. ரிஜிஃபோம் வைத்து ஒரு கிழமை பாருங்கள்

அலுமினியக்காரருக்கு முற்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். 2 அங்குல வெள்ளை ரிஜிஃபோம் (இலேசான நுரைப்பலகை) தாளை உங்கள் அளவுக்கு வெட்டி, ஒரு யன்னலில் உள்ளே மட்டுமாவது கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே கட்டுவதென்றால் காற்று இல்லாத நாளில், கீழே ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில்.

4ஆம் படியில் அளந்த அதே இடங்களில் அளவெடுங்கள். எண்ணைவிட முக்கியமானது, அந்த யன்னலோரம் இருப்பவரிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் திரையை என்ன செய்கிறார் என்று பார்ப்பது. ஒரு கிழமையில் தெரிந்துவிடும். திரையைத் திரும்பவும் மூடினால், எங்கிருந்து கூசுகிறது என்று அவருடைய கதிரையில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் எதிர்வீட்டுக் கண்ணாடியாகவோ, கீழே நிற்கும் வாகனத்தின் கண்ணாடியாகவோ இருக்கும். அதற்குத் தட்டு பதில் இல்லை.

8. பொருள், நிறம், தண்ணீர்

முதுகுக்கு மினுக்கம் இல்லாத வெள்ளை. புதிய வெள்ளைப் பெயின்ட் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 வீதத்தைத் திருப்பி அனுப்பும், பூசாத சீமெந்து 30 வீதம் அளவில்தான். முகம் பார்க்கும் கண்ணாடித் தகடும் மினுக்கிய ஸ்டீலும் இன்னும் நல்லது என்று நினைத்து ஒட்டுகிறார்கள். அவை வெயிலை அப்படியே ஒரு பட்டையாகச் சீலிங்கில் எறியும். மணிக்கு மணி அந்தப் பட்டை நகரும், கீழே இருப்பவரின் கண் அதோடு போகும். சீலிங்கும் அதே மினுக்கம் இல்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். மரப்பலகைச் சீலிங் அழகுதான், ஆனால் அனுப்பிய வெளிச்சத்தை விழுங்கிவிடும். உண்மையில் சீலிங் பெயின்ட் அடிக்கிற செலவு எல்லாவற்றையும்விடக் குறைவு, பலன் கூட. அதை முதலில் செய்யுங்கள்.

மேல்கண்ணாடி தெளிவான கண்ணாடியாக இருக்க வேண்டும். நீலமோ பச்சையோ பூசிய பிரதிபலிப்புக் கண்ணாடியை மேலும் கீழும் ஒன்றாகப் போட்டுவிட்டால், தட்டு பிடித்துக் கொடுத்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும். நிறக்கண்ணாடி வேண்டுமென்றால் கீழே போடுங்கள்.

வெளித்தட்டைக் கொங்கிரீட்டில் ஊற்றினால் 60 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. தடிப்புக்கு மீற்றருக்கு 108 கிலோ வரும். புதிய கட்டடத்தில் லிண்டலோடு சேர்த்து ஊற்றலாம். பழையதில் அலுமினியச் சட்டமும் அலுமினியக் கூட்டுத்தகடும் வசதி. எதுவாயினும் தாங்குவது கொங்கிரீட்டாகவோ உறுதியான சுவராகவோ இருக்கட்டும். யன்னல் சட்டத்தில் திருகி விடுவது பெரும் பிழை. பருவக்காற்றில் தட்டு கீழிருந்து மேலாகவும் தள்ளப்படும். கடலுக்குக் கிட்ட உள்ள இடங்களில் சாதாரண ஆணியும் திருகும் உப்பில் கரைந்துபோகும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள்.

இனித் தண்ணீர். தட்டில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். கொழும்பில் இதற்குச் சட்டமே இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்துப் பார்க்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். வெளித்தட்டுக்கு வெளிப்பக்கமாக 40க்கு 1 சரிவு கொடுங்கள், அதாவது 60 செ.மீ.க்கு 15 மி.மீ. அதற்கு மேல் சரித்தால் வெளிச்சம் யன்னலுக்குப் போகாமல் வானத்துக்கே திரும்பும் பங்கு கூடும். வெளியோரத்தின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு சிறு வெட்டு விடுங்கள். இல்லாவிட்டால் அது அடிப்பக்கமாக ஓடிவந்து சுவரில் கறுப்புக் கோடு போடும். சுவரோடு சேரும் மூலையில் சிறிய ஏற்றம் கட்டி அடைப்புப் பசை பூசுங்கள்.

9. ஒயரிங்: மிச்சம் வருவது இங்கேதான்

தட்டை வைத்தவுடன் மின்கட்டணம் குறையாது. விளக்கை அணைத்தால்தான் குறையும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நான் போய்ப் பார்த்த வேலைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கோட்டை விட்டிருந்தன.

வழக்கமாக எலெக்ட்ரீஷன் வாசலிலிருந்து உள்ளே போகும் திசையில் விளக்குகளை ஒரு சுவிச்சுக்குக் கட்டுவார், வயர் மிச்சம். அதனால் ஒரு சுவிச்சைப் போட்டால் யன்னலோரத்து விளக்கும் கடைசி மூலை விளக்கும் சேர்ந்து எரியும். யன்னலோரத்தை மட்டும் அணைக்க வழியில்லை. ஒவ்வொரு சுவிச்சும் யன்னலுக்கு இணையாக ஓடும் ஒரு வரிசையைக் கட்டுப்படுத்த வேண்டும். யன்னலோர வரிசை ஒன்று, இரண்டாம் வரிசை ஒன்று, உள்ளே இருப்பவை வேறாக. புதிய கட்டடத்தில் இதற்கு மேலதிகச் செலவு சில மீற்றர் வயர். முடிந்த கட்டடத்தில் சீலிங்கைத் திறக்க வேண்டும்.

ஒரு கணக்கு: 40 வோட் எல்ஈடி விளக்குகள், வரிசைக்கு 5, நான்கு வரிசை. முன் இரண்டு வரிசையை நாளுக்கு 6 மணி நேரம் அணைத்து வைத்தால் 400 வோட் × 6 மணி = 2.4 யூனிட். 22 வேலைநாளுக்கு ஏறத்தாழ 53 யூனிட். பெரிய தொகையில்லை என்பதை உரிமையாளருக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். கீழ்க்கண்ணாடிக்குக் கிடைக்கும் நிழலால் ஏசிக்கு வரும் சுமைக் குறைவையும் சேர்த்துத்தான் தட்டு தன் செலவைத் திருப்பித் தரும். விளக்கு மிச்சத்தை மட்டும் காட்டித் தட்டை விற்பவரை நம்ப வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, யன்னலோர மேசைக்கு எல்லோரும் அடிபட்டதை நினைத்தால் யூனிட் கணக்குக்கு வெளியேயும் ஒரு பெறுமதி இருக்கத்தான் செய்கிறது.

தானாக மங்கும் விளக்கு போடுவதென்றால், வெளிச்சத்தை அறிந்து விளக்கை மங்கவைக்கும் உணரியின் (சென்சர்) இடத்தைக் கவனியுங்கள். தட்டுக்குக் கிட்டச் சீலிங்கில் வைத்தால் அது தட்டின் வெள்ளை முதுகைப் பார்த்து அறை முழுக்கப் பகல் என்று நினைத்துப் பின்வரிசையை இருட்டாக்கும். விளக்கை மங்கச் செய்யும் வரிசையின் உட்பக்கமாக, மேசையைப் பார்க்கும்படி, தட்டின் முதுகு தெரியாத இடத்தில் வையுங்கள்.

10. சீலிங் ஃபேன்

எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாத சிக்கல் இது. தட்டிலிருந்து வெளிச்சம் கீழிருந்து மேலே சீலிங்குக்குப் போகிறது. நடுவில் ஃபேன் சுற்றினால் இறக்கைகளின் நிழல் சீலிங்கில் படபடவென்று அடிக்கும். ரியூஷன் வகுப்பு ஒன்றில் பிள்ளைகள் தலையிடி என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். யன்னலிலிருந்து முதல் இரண்டு மீற்றருக்குள் சீலிங் ஃபேன் வேண்டாம். அங்கே காற்று வேண்டுமானால் சுவர் ஃபேன்.

11. பொருத்திய பிறகு

பழைய இடங்களில் திரும்ப அளவெடுங்கள், வெயில் நாளும் முகில் நாளும். பிறகு திரையை இரண்டாகப் பிரியுங்கள்: கீழ்க்கண்ணாடிக்கு மட்டும் திரை, மேல்கண்ணாடிக்கு எதுவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே திரையை விட்டு வைத்தால், ஒரு நாள் யாரோ இழுத்து மூடுவார்கள், அது பிறகு திறபடாது.

கழுவும் வழியைப் பொருத்தும்போதே யோசித்திருக்க வேண்டும். மேல்கண்ணாடி உட்பக்கமாகத் திறக்குமானால் உள்ளே நின்றே நீளப் பிடித் துடைப்பானால் வெளித்தட்டைக் கழுவலாம். திறக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏணியும் ஆளும். காலி வீதிப் புகையும் காகமும் சேர்ந்து ஒரு வெள்ளைத் தட்டைச் சாம்பல் நிறமாக்க அதிக காலம் எடுக்காது. மழை நாட்களில் தானாகக் கழுவுப்படும், ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மாதம் ஒரு முறையாவது துடையுங்கள். தெற்குத் தட்டில் வெயில் விழும் மாதங்களில் அவையும் அடக்கம். காகம் வந்து குந்தும் ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டினால் வேலை பாதியாகும்.